மலைப்பாதையில் ஆடும் ஹெட்லைட்: வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

ஹெட்லைட் ஆடினால் பலரும் முதலில் கை வைப்பது, பின்னால் தெரியும் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவில். அங்கே கை வைக்காதீர்கள். வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்று வைப்பதற்குத்தான் அந்த ஸ்க்ரூ. விளக்கை இறுக்கிப் பிடிப்பது அதன் வேலை இல்லை. அதைத் திருகுவதால் ஆட்டம் நிற்காது. வெளிச்சம் மட்டும் எதிரே ஏறி வரும் பஸ் டிரைவரின் கண்ணுக்குப் போய்விடும். அப்படியே ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார்களைக் குன்னூர் மலைப்பாதையில் எந்த ராத்திரியும் பார்க்கலாம்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாருதி 800, ஆம்னி, ஆல்ட்டோ, இண்டிகா, எஸ்டேட்டில் ஓடும் ஜீப், இந்த வகை. ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லாதவர்களும் ஒரு மத்தியான நேரத்தில் இதை முடித்துவிடலாம். ஆனால் எது ஆடுகிறது என்று கண்டுபிடிக்காமல் எதையும் கழற்றக் கூடாது. கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை என்பதால் அதைத்தான் இங்கே நீட்டிச் சொல்லப் போகிறேன்.

விளக்கு லேசாக ஆடினால் என்ன என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹெட்லைட்டைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுக்கு நடுவே 15 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு பக்கம் 1 மில்லிமீட்டர் தளர்ந்தாலே, 30 மீட்டர் தள்ளி விழும் வெளிச்சம் 20 சென்டிமீட்டர் மேலும் கீழும் போகும். சமவெளியில், தெருவிளக்கு இருக்கும் ரோட்டில், இதைச் சமாளித்துவிடலாம். கோத்தகிரி ரோட்டில் காட்டெருமை குறுக்கே நிற்கும்போது முடியாது. அதன் உடம்பு கறுப்பு, ரோடும் கறுப்பு. நடுங்கும் வெளிச்சத்தில் கண்ணுக்கு எதுவும் பிடிபடாது.

மலையில் இந்தக் கோளாறு அதிகம் வருவதற்குக் காரணங்கள் உண்டு. கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழை. இரண்டிலும் ரோடு பெயரும், எஸ்டேட் பாதைகளில் கல் எழும்பும். ஈரத்தில் போல்ட் துருப்பிடிக்கும். வருஷக்கணக்கில் வெயிலும் என்ஜின் சூடும் பட்டுக் காய்ந்த பிளாஸ்டிக், டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் இன்னும் விறைத்துப்போகும். ஆகவே இந்த வேலையைக் காலையில் ஆரம்பிக்க வேண்டாம். வண்டி வெயிலில் கொஞ்ச நேரம் நின்று சூடேறிய பிறகு பானட்டைத் திறங்கள். பழைய பிளாஸ்டிக் கிளிப் குளிரில் படக்கென்று உடையும். மத்தியானத்தில் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

ஆட்டம் எங்கே இருக்கிறது?

சாயங்காலம் இருட்டும் நேரத்தில் காரை ஒரு சுவருக்கு எதிரே மூன்று, நான்கு மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். பனிமூட்டம் இல்லாத நாளாக இருக்கட்டும். மூட்டத்தில் வெளிச்சம் சுவரை அடைவதற்குள் பாலாகக் கரைந்துவிடும். ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து, என்ஜினை ஓடவிட்டு, லோ பீம் போடுங்கள். இப்போது சுவரைப் பாருங்கள்.

வெளிச்சம் மங்கி மங்கி எரிகிறதா, ஆனால் அதன் விளிம்பு இருந்த இடத்திலேயே நிற்கிறதா? அப்படியானால் கோளாறு வயரில். பல்புக்குப் பின்னால் செருகியிருக்கும் மூன்று பின் சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். சாக்கெட் கருகிப் பழுப்பாகி இருந்தால் மாற்றிவிடுங்கள். சூடு தாங்கும் செராமிக் ஹோல்டர் எல்லா ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கிறது. பாடியில் போல்ட் போட்டிருக்கும் எர்த் வயரையும் ஒருமுறை கழற்றி, துருவைத் தேய்த்து, மறுபடி முடுக்குங்கள். அதோடு உங்கள் வேலை முடிந்தது. மீதியைப் படிக்கத் தேவையில்லை.

வெளிச்சத்தின் விளிம்பே நடுங்குகிறது என்றால் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதித்துப் பாருங்கள். ஐடிலில் நடுங்கி, வேகம் கூடியதும் நின்றுவிட்டால் விளக்கை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மாருதி 800-இன் 796 சிசி என்ஜினுக்கு மூன்றே சிலிண்டர். இயல்பாகவே அது ஐடிலில் கொஞ்சம் உதறும். அந்த உதறலை உள்வாங்க வேண்டிய என்ஜின் மவுண்டிங் ரப்பர் செத்துப்போயிருந்தால் முன்பக்கம் முழுக்க அதிரும். இன்னொன்றும் உண்டு. கார்புரேட்டர் காலத்து வண்டியைக் கோவையில் ட்யூன் செய்து, 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்கு ஓட்டி வந்தால், மெல்லிய காற்றில் பெட்ரோல் விகிதம் கூடிப்போய் ஐடில் தடுமாறும். அப்போதும் ஹெட்லைட் நடுங்கும். இதற்கெல்லாம் மெக்கானிக்கிடம் போவதுதான் வழி. ஹெட்லைட்டைக் கழற்றுவதால் பயன் இல்லை.

ஐடிலில் ஒழுங்காக நின்று, பள்ளம் மேட்டில் மட்டும் வெளிச்சம் ஆடுகிறதா? அப்படியானால் இது நம் வேலை. என்ஜினை நிறுத்திவிட்டு, ஹெட்லைட் எரியும்போதே, அதன் வெளிக்கண்ணாடியின் ஓரங்களை உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி விடுங்கள். நான்கு மூலையிலும் அழுத்துங்கள். வீட்டில் யாரையாவது சுவர்ப் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். "அப்பா, இப்ப ஆடுது, இப்ப இல்ல" என்று சொல்ல ஒரு சின்னப் பையன் போதும். அழுத்தும்போது விளக்கு முழுதாக நகர்ந்து, சுவரில் வெளிச்சமும் நகர்ந்தால், விளக்கின் கூடு பாடியோடு சேரும் இடத்தில் தளர்ச்சி இருக்கிறது. கூடு கல் மாதிரி அசையாமல் நிற்க, பம்பரையோ பானட் ஓரத்தையோ ஒரு தட்டுத் தட்டினால் வெளிச்சம் மட்டும் குலுங்குகிறது என்றால், கூட்டுக்குள் பல்பைச் சுற்றி இருக்கும் பளபளப்பான ரிஃப்ளெக்டர் தளர்ந்திருக்கிறது. வெளிச்சம் ஆடுவதோடு கலங்கலாக, ஒழுங்கான விளிம்பே இல்லாமல் இருந்தால், முதலில் பல்பைச் சந்தேகப்படுங்கள்.

எல்லாவற்றையும் பார்த்த பிறகு, சுவரில் இரண்டு ஹெட்லைட்டின் வெளிச்ச விளிம்பையும் இன்சுலேஷன் டேப்பால் குறித்துவிடுங்கள். தரையில் நான்கு டயர் நிற்கும் இடத்தையும் சாக்பீஸால் குறியுங்கள். கடைசியில் இந்தக் குறிதான் காப்பாற்றும்.

பல்பு

இது சின்ன விஷயம், ஆனால் இதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் பிரிப்பவர்கள் உண்டு. பெரும்பாலான பழைய கார்களில் இருப்பது எச்4 வகை பல்பு; 12 வோல்ட், 60/55 வாட். அதன் வளையத்தில் மூன்று நாக்குகள் இருக்கும். ஒரே ஒரு நிலையில்தான் அது சரியாக உட்காரும். பல்பு மாற்றும்போது அவசரத்தில் கோணலாக வைத்துக் கம்பிக் கிளிப்பை மாட்டியிருந்தால், பல்பு உள்ளே கிடந்து ஆடும். விளக்கை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, பின்பக்க ரப்பர் மூடியை உரித்து, பல்பை எடுத்து மறுபடி உட்காரவையுங்கள். கண்ணாடிப் பகுதியை வெறும் கையால் தொடாதீர்கள். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை ஹாலஜன் கண்ணாடியில் ஒட்டினால் அந்த இடம் மட்டும் அதிகமாகச் சூடாகிப் பல்பு சீக்கிரம் போய்விடும். பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துவிடுங்கள். கம்பிக் கிளிப் இழுவை இல்லாமல் தொளதொளவென்று இருந்தால் மூக்குக் குறடால் லேசாக வளைத்து இறுக்கம் கொடுக்கலாம். ரப்பர் மூடியை மறக்காமல் திரும்பப் போடுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு, மூடி இல்லாத விளக்குக்குள் ஒரே வாரத்தில் வேர்த்துக் கொட்டும்.

இதோடு ஒரு அறிவுரை: வெளிச்சம் போதவில்லை என்று 100/90 வாட் பல்பு போடாதீர்கள். கடையில் கேட்டால் கொடுப்பார்கள். அந்தச் சூட்டில் சாக்கெட் உருகும், ரிஃப்ளெக்டரின் பளபளப்பு போகும். அதற்கப்புறம் வெளிச்சம் முன்பு இருந்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

கூடு ஆடினால்

பத்தாம் நம்பர் ஸ்பேனர், முடிந்தால் அதே அளவில் டி ஸ்பேனர், ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு பட்டை ஸ்க்ரூடிரைவர், டார்ச், பழைய டவல், டபிள்யூடி-40 அல்லது அந்த மாதிரி துரு இளக்கும் ஸ்பிரே. அப்புறம் ஹார்டுவேர் கடையில் 6 மில்லிமீட்டர் போல்ட், அதற்கேற்ற பெரிய வாசர், ஸ்பிரிங் வாசர், நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் வைத்த நட்) கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சர் கடையில் ஒரு பழைய சைக்கிள் ட்யூப் கேட்டு வாங்குங்கள். ரப்பர் வாசர் வெட்ட அதைவிட நல்ல சாமான் இல்லை.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். ஷாக் அடிக்கும் என்பதற்காக அல்ல. சில வண்டிகளில் என்ஜின் நின்ற பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். ஹெட்லைட்டுக்குப் பின்னால் கைவிடும் இடம் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

பானட்டைத் திறந்ததும் ஹெட்லைட்டின் மேல் பக்கம் ஒன்றோ இரண்டோ போல்ட் தெரியும். பல கார்களில் இன்னொன்று பக்கவாட்டிலோ கீழேயோ, பம்பருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். டார்ச் அடித்து எல்லாவற்றையும் கண்டுபிடியுங்கள். ஒவ்வொன்றையும் விரலால் பிடித்து அசைத்துப் பாருங்கள். சுற்றுகிற போல்ட் ஏதாவது அகப்பட்டால் அதிர்ஷ்டம்; அதை முடுக்கிவிட்டு ஆட்டம் நிற்கிறதா என்று பார்க்கலாம். நின்றால்கூட அந்த போல்ட்டை ஒருமுறை கழற்றி ஸ்பிரிங் வாசர் போட்டு மாட்டுவது நல்லது. தானாகத் தளர்ந்த போல்ட் மறுபடியும் தளரும்.

எல்லா போல்ட்டும் இறுகியே இருக்க, விளக்கு மட்டும் ஆடுகிறதென்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். அதற்கு முன்னால் போல்ட் தலையைச் சுற்றி மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். போல்ட் ஓட்டை பெரும்பாலும் நீள்வட்டமாக இருக்கும். திரும்ப மாட்டும்போது பழைய இடத்தில் உட்காரவைக்க இந்தக் கோடு வேண்டும். போனில் நாலு படம் எடுத்து வையுங்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு ஸ்பிரே அடித்துவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள். உடனே ஸ்பேனரை மாட்டி முழு பலத்தையும் காட்டினால் போல்ட் தலை கையோடு வந்துவிடும். பிடிவாதமாக இருந்தால் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி ஸ்பிரே அடித்து, அப்படித்தான் வெளியே கொண்டுவர வேண்டும்.

பம்பர் மறைக்கிறது என்றால் முழுக்கக் கழற்ற வேண்டாம். பல வண்டிகளில் சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஒரு ஸ்க்ரூவையும் மேல் கிளிப்புகளையும் எடுத்துவிட்டால், கீழ் போல்ட்டுக்கு ஸ்பேனர் போகும் அளவுக்குப் பம்பர் முன்னால் வந்துவிடும். கழற்றியதை எல்லாம் வரிசையாக ஒரு தட்டில் வையுங்கள். சரிவான வாசலில் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியும்: கீழே விழுந்த நட்டு பக்கத்துத் தோட்டத்துக்குத்தான் போகும்.

போல்ட் எல்லாம் வந்த பிறகும் விளக்கு வரவில்லையா? இழுத்துத் திருகாதீர்கள். சில மாடல்களில் ஃபெண்டர் பக்கம் ஒரு பிளாஸ்டிக் முளை, ரப்பர் வளையம் ஒன்றுக்குள் செருகியிருக்கும். விளக்கை நேராக முன்னால் இழுத்தால் டொப்பென்று வெளியே வரும். கோணலாக இழுத்தால் முளை உடையும். வந்ததும் வயர் சாக்கெட்டின் பூட்டை அழுத்திக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம், சாக்கெட்டைப் பிடித்து இழுங்கள். விளக்கை டவல்மேல் வையுங்கள்.

இப்போது குற்றவாளி யார் என்று தெரியும். பெரும்பாலும் இந்த நால்வரில் ஒருவர்தான். காய்ந்து கல்லாகிச் சுருங்கிய அந்த ரப்பர் வளையம்; புதிதாகக் கிடைத்தால் மாற்றுங்கள், கிடைக்காவிட்டால் முளையைச் சுற்றி சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றிச் செருகுங்கள். அடுத்து, தகட்டில் மாட்டியிருக்கும் யு வடிவக் கிளிப் நட். அது பிடிப்பு இல்லாமல் வாயைப் பிளந்திருந்தால் குறடால் நெருக்கலாம், புதிது வாங்கினால் இன்னும் நல்லது. மூன்றாவது, பாடித் தகட்டில் போல்ட் போகும் ஓட்டை. துருவாலும் அதிர்வாலும் அது பெரிதாகியிருக்கும். துருவைத் தேய்த்து, பிரைமர் ஒரு கோட் அடித்து, காய்ந்த பிறகு இரண்டு பக்கமும் பெரிய வாசர் போட்டு நைலாக் நட்டால் முடுக்குங்கள். தகடே பப்படம் மாதிரி நொறுங்கினால் அது டிங்கரிங் பட்டறை வேலை. வாசர் போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள். நான்காவது, விளக்கின் சொந்தப் பிளாஸ்டிக் காது, அதாவது போல்ட் போவதற்காகக் கூட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு.

காது உடைந்திருந்தால்

நம் ஆட்களுக்கு இங்கேதான் எம்-சீலும் ஃபெவிக்விக்கும் ஞாபகம் வரும். இரண்டும் இந்த இடத்துக்கு ஒத்துவராது. ஹெட்லைட் கூடு பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். பின்பக்கம் பிபி என்ற எழுத்துகள் அச்சில் இருந்தால் அதுதான். எந்தப் பசையும் அதில் சரியாக ஒட்டாது. முதல் நாள் கெட்டியாகத்தான் இருக்கும். கல்லட்டி இறக்கத்தின் 36 கொண்டை ஊசி வளைவையும் அது தாங்காது. ஃபெவிக்விக் வகைப் பசைக்கு இன்னொரு குணமும் உண்டு: காயும்போது அதிலிருந்து வரும் ஆவி, பக்கத்தில் இருக்கும் கண்ணாடியிலும் ரிஃப்ளெக்டரிலும் வெள்ளையாகப் படியும். விளக்குப் பக்கம் அதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

பிடிப்பது தகடுதான். ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியப் பட்டையை விரிசலின் இரண்டு பக்கமும் வரும்படி வெட்டி, சின்ன ஸ்க்ரூ, நட் போட்டு, ஒரு பக்கத்துக்கு இரண்டு வீதம் கட்டுங்கள். ஓட்டை போடும் முன் ஸ்க்ரூவின் நீளம் ரிஃப்ளெக்டரில் இடிக்காதா என்று பாருங்கள். காதின் துண்டு தொலைந்துபோயிருந்தால், எல் வடிவத்தில் வளைத்த தகட்டையே புதுக் காதாக்கலாம். அதில் போல்ட் ஓட்டையைப் பழைய இடத்திலேயே போட வேண்டும். அதற்கு நல்ல பக்கத்து விளக்கின் காதைக் காகிதத்தில் வரைந்து, காகிதத்தைத் திருப்பிப் போட்டால் அச்சு கிடைத்துவிடும்.

வெறும் விரிசல் மட்டும் என்றால் சால்டரிங் அயர்ன் போதும். ஸ்டேப்ளர் பின்னை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, அயர்ன் நுனியால் சூடாக்கி, பிளாஸ்டிக்குக்குள் பாதி ஆழம் புதையும்படி அழுத்துங்கள். தையல் போட்டதுபோல் நாலைந்து வையுங்கள். புகை கெட்டது, வாசலில் உட்கார்ந்து செய்யுங்கள்.

இரண்டு மூன்று காது போயிருந்தால் ஒட்டுவேலையை விட்டுவிடுங்கள். பழைய மாடல்களுக்கு முழு விளக்கே கோவையில் பழைய பார்ட்ஸ் விற்கும் கடைகளில் கிடைக்கும். வாங்கும்போது காதை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டு மாடலுக்கு வரவழைப்பதாக இருந்தால், இடதுபக்கம் ஓட்டும் நாட்டுக்கான விளக்குதானா என்று கேளுங்கள். நம்முடைய லோ பீம் இடதுபுறம் மேலே ஏறி ரோட்டோரத்தைக் காட்ட வேண்டும். வலதுபக்கம் ஓட்டும் நாட்டு விளக்கு எதிரே வருபவர் முகத்தில் ஏறும்.

ரிஃப்ளெக்டர் ஆடினால்

அட்ஜஸ்ட் ஸ்க்ரூவின் நுனியில் ஒரு உருண்டை இருக்கும். அது ரிஃப்ளெக்டரின் பின்னால் உள்ள பிளாஸ்டிக் கிண்ணத்தில் செருகி நிற்கும். பெரும்பாலும் மூன்று இடத்தில் இப்படிப் பிடிப்பு இருக்கும். பல்பு ஓட்டை வழியாக விரல் விட்டு ரிஃப்ளெக்டரின் கழுத்தை அசைத்துப் பார்த்தால் எந்த மூலை தொங்குகிறது என்று தெரிந்துவிடும். பளபளப்பான உள்பக்கத்தைத் தொட்டுவிடாதீர்கள். அந்தப் பூச்சு துணி பட்டால்கூட அழிந்துவிடும்.

உருண்டை வெறுமனே வெளியே நழுவியிருந்தால், நேராகப் பிடித்து அழுத்தினால் டக்கென்று உட்காரும். கிண்ணம் தேய்ந்திருந்தால் பிளம்பர் பயன்படுத்தும் டெஃப்லான் டேப்பை உருண்டைமேல் இரண்டு சுற்றுச் சுற்றி அழுத்துங்கள், நன்றாகவே பிடிக்கும். கிண்ணம் உடைந்திருந்தால், அதைத் தனியாக மாற்ற முடிகிற மாடலா என்று கடையில் கேளுங்கள். பல புது மாடல்களில் விளக்கின் முன் கண்ணாடியை ஒட்டி மூடியிருப்பார்கள். சூடு காட்டி, பசையை இளக்கித்தான் திறக்க வேண்டும். முதல்முறை செய்கிறவர் அதில் இறங்க வேண்டாம். திறந்து சரியாக மூடாத விளக்கில் மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் நிற்கும்.

வட்ட விளக்கு வண்டிகள்

ஜீப்பும் அம்பாசடரும் இன்னும் நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். இவற்றில் இருப்பது 7 அங்குல வட்ட விளக்கு. வேலை சுலபம். வெளி வளையத்தைக் கழற்றினால் உள்ளே இரண்டு வகை ஸ்க்ரூ தெரியும். விளக்கை அழுத்திப் பிடிக்கும் உள் வளையத்தில் சின்னதாக மூன்று. பெரிதாக, ஸ்பிரிங்கோடு இழுபட்டு நிற்பவை இரண்டு. பெரியவை அட்ஜஸ்ட் ஸ்க்ரூ. புதிதாகச் செய்கிறவர்கள் எல்லாரும் முதலில் இதைத்தான் திருகுவார்கள். தொட வேண்டியது சின்ன மூன்றைத்தான்.

மூன்றும் இறுகியிருந்தும் விளக்கு ஆடினால், விளக்கு உட்கார்ந்திருக்கும் கிண்ணத்தைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்கைப் பாருங்கள். துருவில் அறுந்திருக்கும், அல்லது நீண்டு தளர்ந்திருக்கும். அட்ஜஸ்ட் ஸ்க்ரூ போய் உட்காரும் நைலான் நட்டும் தேய்ந்து போகும். இரண்டும் விலை குறைந்த சாமான், இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். கிண்ணத்துக்கும் ஃபெண்டருக்கும் நடுவே ரப்பர் கேஸ்கட் இல்லாமல் ஓடும் ஜீப்கள் நிறைய. ட்யூப்பிலிருந்து வளையமாக வெட்டிப் போட்டால் அதிர்வும் குறையும், சேறும் உள்ளே வராது.

பானட்டுக்குள் மூடித் திறக்கும் பாப்-அப் ஹெட்லைட் வைத்த காரை நீலகிரியில் காண்பது அபூர்வம். 1936-இல் கார்ட் 810 என்ற அமெரிக்கக் காரில் கையால் சுற்றித் திறக்கும்படி வந்த இந்த ஏற்பாடு, 2004-ஓடு புதுக் கார்களிலிருந்து மறைந்துவிட்டது. யாரிடமாவது இறக்குமதி செய்த ஒன்று இருந்தால் அதற்கும் இதே கண்டுபிடிப்பு முறைதான். கூடுதலாக, மேலே எழும்பியதும் விளக்கு வந்து முட்டும் ரப்பர் தடையையும், மோட்டாரோடு இணைக்கும் கம்பியின் புஷ்ஷையும் பார்க்க வேண்டும். கை வைக்கும் முன் அதன் ஃபியூஸை எடுத்துவிடுங்கள். எதிர்பாராமல் மூடினால் விரல் நசுங்கும்.

திரும்ப மாட்டுதல்

எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் ஏற்றுங்கள். அப்புறம் மார்க்கர் கோட்டுக்கு விளக்கைக் கொண்டுவந்து, ஒன்று மாற்றி ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரே போல்ட்டை முழுக்க முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கூடு முறுக்கிக்கொள்ளும். ஸ்பேனரின் நுனியைப் பிடிக்காமல் தலைக்குப் பக்கத்தில் பிடித்து முடுக்கினால் பலம் தானாகவே அளவோடு போகும். ரப்பர் வாசர் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்துங்கள். ஆட்டம் நிற்க வேண்டும் என்ற ஆவேசத்தில் கடைசியாக ஒரு சுற்று முடுக்கும்போதுதான் காது உடையும்.

விளக்குக்குப் பின்னால் சின்னதாகக் காற்றுப்போக்குத் துளை இருந்தால் அதைச் சிலிக்கான் போட்டு அடைக்காதீர்கள். காலையில் உள்ளே படியும் பனித்துளி அந்த வழியாகத்தான் வெளியேறும்.

சுவரில் வெளிச்சம்

வெளிச்சம் வைக்கச் சமதரை வேண்டும் என்பார்கள். நீலகிரியில் சமதரைக்கு எங்கே போவது? பெட்ரோல் பங்க், பள்ளிக்கூட மைதானம் தவிர எல்லாமே சரிவு. கொத்தனாரின் ரசமட்டம் எல்லாம் தேவையில்லை. கார் நிற்கும் தரையும் சுவரின் அடியும் ஒரே தளத்தில் இருந்தால் போதும். லேசான சரிவாக இருந்தாலும் பரவாயில்லை. நடுவில் மேடு பள்ளம் இருந்தால்தான் கணக்குத் தப்பும்.

சாக்பீஸ் குறியில் டயரை நிறுத்துங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும், டிக்கியில் மூட்டை இருந்தால் இறக்கிவிடுங்கள். டேஷ்போர்டில் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் சக்கரம் இருந்தால் அதை 0-வில் வையுங்கள். லோ பீம் போட்டு, நல்ல பக்கத்து விளக்கின் விளிம்பு பழைய டேப்பில் சரியாக விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் வண்டி சரியான இடத்தில் நிற்கிறது. இனி சரிசெய்த விளக்கின் விளிம்பை அதே உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். அட்ஜஸ்ட் ஸ்க்ரூவுக்கு இப்போதுதான் வேலை. அரைச் சுற்று திருப்பி, பார்த்து, மறுபடி அரைச் சுற்று. ஒரு விளக்கை மட்டும் தனியாகப் பார்க்க, மற்றதன் முன்னால் ஒரு அட்டையை நிறுத்துங்கள். துணியை மேலே போர்த்த வேண்டாம். ஹாலஜன் சூட்டில் கருகும், பிளாஸ்டிக் கண்ணாடியும் கெடும்.

நல்ல பக்கம் என்று ஒன்று இல்லாமல் இரண்டுமே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தால் அளந்துதான் வைக்க வேண்டும். விளக்கின் நடு உயரத்தைத் தரையிலிருந்து அளந்து, அதே உயரத்தில் சுவரில் ஒரு கோடு போடுங்கள். லோ பீமின் விளிம்பு அந்தக் கோட்டுக்குக் கீழே, தூரத்தில் 100-இல் ஒரு பங்கு இறங்க வேண்டும். 5 மீட்டர் தள்ளி நின்றால் 5 சென்டிமீட்டர், 3 மீட்டர்தான் இடம் என்றால் 3 சென்டிமீட்டர். இடதுபுறம் விளிம்பு கொஞ்சம் மேலே ஏறுவது சரிதான். அதையும் இறக்கப் பார்க்காதீர்கள். வெளிச்சம் தூரம் போகட்டும் என்று விளிம்பைக் கோட்டுக்கு மேலே ஏற்றுகிறவர்கள் உண்டு. மலைப்பாதையில் அந்த வெளிச்சம் அடுத்த வளைவின் மரக்கிளைக்குப் போகும், இல்லையென்றால் மேலே ஏறி வரும் வண்டிக்காரரின் கண்ணுக்கு.

மறுநாள் பகலில் பள்ளமான ரோட்டில் ஒரு நடை ஓட்டிவிட்டு, பானட்டைத் திறந்து, போல்ட்டுகளை விரலால் தொட்டுப் பாருங்கள். புது ரப்பர் அமுங்கி உட்கார்வதால் முதல் சில நாளில் கொஞ்சம் தளர்ச்சி வரலாம். மறுபடி ஒரு கால் சுற்று முடுக்கினால் போதும். அதன் பிறகு ராத்திரியில் ஓட்டிப் பாருங்கள். இன்னும் ஆடுகிறது, ஆனால் கையால் அழுத்தினால் எதுவும் அசையவில்லை என்றால், ரேடியேட்டரைத் தாங்கும் முன்பக்கச் சட்டத்தில் வெல்டு விட்டிருக்கலாம். டிங்கரிங் பட்டறைக்குப் போய் "ஹெட்லைட் ஆடுது" என்று மட்டும் சொன்னால் விளக்கை முடுக்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். "கூடு, ரிஃப்ளெக்டர், பல்பு மூணும் பார்த்தாச்சுண்ணா, முன் சட்டத்தோட வெல்டை மட்டும் பாருங்க" என்று சொல்லுங்கள்.